மரத்தடிக்குக் கோரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரத்தடியில் புல்தரை சொட்டை விழுந்து கிடப்பதற்கு நீ விதை போட்ட விதம் காரணமில்லை. மேலே அடர்ந்த நிழல், கீழே ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் மரவேர். வெயில் கேட்கும் புல் அங்கே எப்படிப் பிழைக்கும்? இனியும் விதை வாங்கிக் கொட்டாதே. அந்த இடத்தில் கோரை வை.

சிரிக்காதே. காலமெல்லாம் பாத்தியில் கோரை பிடுங்கிய அப்பாவா இதைச் சொல்வது என்று கேட்பாய். நான் பிடுங்கியது கோரைக்கிழங்கு. அது மண்ணுக்கடியில் கம்பி மாதிரி வேர்த்தண்டை ஓட்டி, வழிநெடுகக் கிழங்கு கட்டிக்கொண்டே போகும். இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு உள்ளே தங்கி மறுபடி முளைக்கும். ஆனால் அந்தக் குடும்பத்தில் 5,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பழைய எகிப்தில் எழுதத் தாள் செய்த பாபிரஸும் அதில் ஒன்று. ஒரு பங்காளி அடாவடி செய்தான் என்று மொத்தக் குடும்பத்தையும் தள்ளி வைக்க முடியாதே. நான் சொல்வது கேரெக்ஸ் என்ற பேரினம். அதில் மட்டும் கிட்டத்தட்ட 2,000 இனங்கள்.

அத்தனையில் எதை வாங்குவது? உன் பகுதிக் காடுகளில் தானாக வளர்வது எதுவோ, அதை. அந்தப் பனிக்கும் கோடைக்கும் ஏற்கெனவே பழகியது, உன் தயவை எதிர்பார்க்காது. நர்சரியில் வெறுமனே கோரை என்று கேட்டால் எங்கிருந்தோ வந்த செம்பு நிறத் தொட்டிச் செடியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தாவரவியல் பெயரை முழுதாகக் கேள். காய்ந்த நிழலில் வருமா, ஈர நிலம் வேண்டுமா என்றும் கேள். கேரெக்ஸில் பல இனங்களுக்குக் கால் எப்போதும் நனைந்திருக்க வேண்டும், அவை உனக்கு ஆகாது. தூராக நிற்குமா, பரவி ஓடுமா என்பதும் முக்கியம். மரத்தடியை மூட மெதுவாகப் பரவுவது நல்லது. சின்னப் பாத்திக்குத் தூர் கட்டுவதே போதும்.

பெரிய தொட்டிச் செடிக்கு ஆசைப்படாதே. மர வேர்களுக்கு நடுவில் பெரிய குழி வெட்டினால் மரத்துக்கும் கேடு. குட்டி நாற்றாக வாங்கி, வேர் இல்லாத சந்து பார்த்து, 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நடு. இலையும் வேரும் சேரும் கழுத்து மண் மட்டத்திலேயே இருக்கட்டும். புதைத்தால் அழுகும். வெயில் உச்சத்தில் நடாதே.

முதல் வருஷம் தண்ணீர் விடுவதில் சோம்பல் கூடாது. தினமும் தெளிப்பதைவிட, மேல்மண் காய்ந்த பிறகு வேர் வரை இறங்கும்படி விடு. அந்த வருஷம் மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது, வளர்ச்சியெல்லாம் அடியில்தான். மாப்பிள்ளை பொறுமை இழந்து பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள். செடிகள் ஒன்றையொன்று தொடும்வரை நடுவில் வரும் களையை மட்டும் எடுத்துவிடு. அப்புறம் அது களைக்கு இடம் கொடுக்காது. உரம் போடவே போடாதே. இலை நீண்டு தொங்கும், களைதான் கொழுக்கும்.

குளிர்காலத்தில் இலை பழுப்பாகிப் படுத்தால் அப்படியே விடு. பூச்சிகள் அதற்குள்தான் ஒதுங்கும். குளிர் முடியும் தறுவாயில், புதுக் குருத்து நீளுவதற்கு முன், ஒரு உள்ளங்கை உயரம் விட்டு வெட்டினால் போதும். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் இனமானால் வெட்ட வேண்டாம், விரலால் கோதிக் காய்ந்ததை மட்டும் எடு. கையுறை போட்டுக்கொள், சில இனங்களின் இலை ஓரம் கையைக் கீறிவிடும்.

பூ வரும் காலத்தில் குனிந்து பார். பூத்தண்டை விரல்களுக்கிடையில் உருட்டு, மூன்று விளிம்பும் தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டை. பல இனங்களில் தண்டின் நுனிக் கதிர் ஆண், மகரந்தப்பைகள் தொங்கும். அதற்குக் கீழே உள்ளவை பெண். காற்றே சேர்த்து வைத்துவிடும். பிறகு ஒவ்வொரு விதையும் தனித்தனியே ஒரு குட்டிப் பைக்குள் உட்கார்ந்திருக்கும், கேரெக்ஸின் அடையாளமே அந்தப் பைதான். அந்த விதையைச் சேர்த்து முளைக்க வைக்கலாம் என்று இறங்காதே. பலவற்றுக்கு வாரக்கணக்கில் ஈரக் குளிர் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். செடி அதிகம் வேண்டுமானால், சில வருஷம் கழித்துத் தூரின் நடு வெறிச்சோடும்போது தோண்டி, வேரும் குருத்தும் உள்ள துண்டுகளாகக் கத்தியால் பிரித்து நட்டுக்கொள்.

இலையில் கடித்த தடம் தெரிந்தால் மருந்து அடித்துவிடாதே. சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்குக் கோரைதான் சாப்பாடு. கொஞ்சம் தின்றுவிட்டுப் போகட்டும்.

எப்போதாவது மிதித்து நடந்தால் தாங்கும். குழந்தைகள் பந்து விளையாட வேறு இடம் காட்டு.

சரி, வாங்குமுன் நாற்றின் அடிப்பகுதியையும் பெயர்ச் சீட்டையும் படமெடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு பணம் கொடு.

அன்புடன்,
அப்பா