1952-ல் ஓட்டுப் போட்டவர்களை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் சட்டமன்றத் தேர்தல்களின் வரலாறு பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையில் 1952 தேர்தலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: 'காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றது, ராஜாஜி முதல்வரானார்.' படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தகவலைச் சரிசெய்துவிடுகிறேன். அன்றைய சென்னை மாநிலத்தில் ஆந்திரப் பகுதி, மலபார், தென்கன்னடம் எல்லாம் சேர்ந்திருந்தன. சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மைக்கு 188 வேண்டும். ஆக, சுதந்திரம் வந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை, காந்தியின் கட்சி, நேருவின் கட்சி என்று வீட்டுக்கு வீடு படம் மாட்டியிருந்த காலம், அப்போதே சென்னை மாநில மக்கள் அந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை தர மறுத்தார்கள். முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். பக்தவத்சலம் உட்பட அமைச்சர்கள் பலரும் தோற்றார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு 62 இடங்கள். அவர்களில் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். வண்ணாரப்பேட்டையில் ஜீவா ஜெயித்தார்.

ஏன் இப்படி ஆனது? பிரகாசம், ரங்கா போன்ற பெரிய தலைவர்கள் காங்கிரஸை விட்டு வெளியே போய்த் தனிக்கட்சி கண்டது ஒரு காரணம். தெலுங்கு மாவட்டங்களில் தனி மாநிலக் கோரிக்கை ஒரு காரணம். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: ரேஷன். மழை பொய்த்து, அரிசிக்குக் கட்டுப்பாடு போட்டு, விளைந்த நெல்லை சர்க்கார் அளந்து எடுத்துக்கொண்டு போன வருஷங்கள் அவை. வயிற்றுப் பசியோடு போய் ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள்.

அப்புறம், கட்டுரையில் விட்டுப்போன பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 1946 வரை சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும், பண்ணையாளுக்கும் மிராசுதாருக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு என்று வந்தது இந்தத் தேர்தலில்தான். என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, கீழத்தஞ்சையில் ஒரு பண்ணையில் வேலை செய்தவர். கைநாட்டு. 1952 ஜனவரியில், பொங்கலை ஒட்டிய அறுவடை நாளில், கருக்கரிவாளை வரப்பில் வைத்துவிட்டு ஓட்டுப் போடப் போனார்.

சாவடியில் இருந்த அதிகாரி பட்டியலைப் பார்த்து, "புருஷன் பேர் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அப்பாயி தலையைக் குனிந்துகொண்டு, "சிக்கல்ல இருக்குற சாமி பேருங்க" என்றாராம். அதிகாரி கீழத்தஞ்சைக்காரர் போலிருக்கிறது, உடனே "சிங்காரவேலுவா?" என்று கண்டுபிடித்துவிட்டார். வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே பதிவுசெய்ததால், நாடு முழுக்கச் சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. என் அப்பாயி தன் பெயரைக் கொடுத்திருந்தார். பட்டியலில் அது இருந்தது. சாகும்வரை இதைப் பெருமையாகச் சொல்வார்.

சீட்டில் முத்திரை குத்துவதெல்லாம் அப்போது கிடையாது. மறைவுக்குள் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும். நுகத்தில் பூட்டிய காளைகள் ஒன்றில், கதிர் அரிவாள் ஒன்றில், குடிசை ஒன்றில். ஒரு ரூபாய் நோட்டு அளவுச் சீட்டைப் பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். "எதுல போட்டாலும் எங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்று பண்ணைக் காரியக்காரர் முதல் நாளே சொல்லி வைத்திருந்தாராம். அப்பாயி உள்ளே போய், சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டிருக்கிறார். "எல்லாம் ஒரே மாதிரி இரும்பு, ஒரே மாதிரி குளிர்ச்சி, அப்பறம் எவனுக்குத் தெரியும்?" என்பார். எதில் போட்டார் என்று தாத்தாவிடம்கூடச் சொன்னதில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

இப்படி லட்சோபலட்சம் பேர் யோசித்துப் போட்ட ஓட்டுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் எழுதியிருக்க வேண்டும். பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து 166 பேர் ஆதரவு இருப்பதாகச் சொன்னார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவர்களை அழைக்கவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை அப்போது இருந்த சட்ட மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். ஏப்ரலில் அவர் பதவியேற்றார். ஜூலை 3-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் 200-க்கு 151 என்று ஜெயித்தார். தேர்தலில் 152 பேர் இருந்த கட்சிக்கு 200 ஓட்டு எப்படி வந்தது? கட்சி மாறியவர்களாலும், ஆதரவு தந்த சிறு கட்சிகளாலும், சுயேச்சைகளாலும் வந்தது.

ராஜாஜியின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தவர் அவர். அதே 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அவர் ஆட்சியில்தான். நினைத்தபோது பண்ணையாளைத் துரத்த முடியாது என்று முதன்முதலாக ஒரு சட்டம் சொன்னது. கீழத்தஞ்சைப் பெட்டிகளிலிருந்து வந்த பயமும் அதற்கு ஒரு காரணம் என்பது என் திடமான எண்ணம். ஆனாலும் மக்களிடம் ஓட்டுக் கேட்காத ஒருவரை, மக்கள் முதன்முதலாக எல்லோருமாகச் சேர்ந்து ஓட்டுப் போட்ட வருஷத்தில் நாற்காலியில் உட்கார வைத்தது தவறு. நியமன வழி, கட்சித்தாவல், ஆளுநர் யாரை அழைப்பது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறோமே, அத்தனையும் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது. அதை 'பெரும்பான்மை பெற்றது' என்று எழுதிக் கடந்துபோனால் இன்றைய பிள்ளைகளுக்கு எதுவுமே புரியாது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அன்று 21 வயதில் ஓட்டுப் போட்டவர்கள் இன்று தொண்ணூறுகளின் நடுவைத் தாண்டியிருப்பார்கள். ஊருக்கு ஒருவர் இருவர் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் நிருபர்களை அனுப்பி அவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். சாவடி எங்கே இருந்தது, யார் கூட்டிக்கொண்டு போனார்கள், யார் மிரட்டினார்கள், விரல் மை எத்தனை நாள் இருந்தது, எல்லாவற்றையும் கேளுங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் கேட்டுவிடுங்கள். அப்பாயி சொன்னதை நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் சொல்லுங்கள், நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்