அடிவயிற்றுக் குரல்

டேய் சேகர்,

ஆறு மாதமாக எழுதவில்லை, நேரில் வந்து திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பாலு மகளுக்கு வரன் முடிந்துவிட்டது. அதை அவனே போன் போட்டுச் சொல்வான், நீ புதுசாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்.

போன மாதம் எனக்கு வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். பதறாதே, வெறும் புண்தான். பதினாலு நாள் மாத்திரையில் ஆறிவிட்டது. தொண்டையில் கசப்பாக ஏதோ மருந்தை அடித்தார்கள். இரண்டே நிமிஷத்தில் எச்சில் விழுங்குவதுகூடத் தெரியவில்லை. பல்லுக்கிடையில் பிளாஸ்டிக் வளையத்தைக் கடித்துக்கொண்டு இடப்பக்கமாகப் படுத்திருந்தேன். அப்போது நினைவுக்கு வந்தது நம்ம ஹெவி மெட்டல் ராக் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ.

பழைய பாடகர் ஓஸி இல்லாத பிளாக் சாபத் குழு, சாபத்தே இல்லை என்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் விடியவிடியச் சண்டை போட்டாயே, இப்போதும் சொல்கிறேன், நீ சொன்னது தப்பு. 1979-ல் ஓஸியை அனுப்பிவிட்டு டியோவைச் சேர்த்தார்கள். அடுத்த வருஷமே ‘ஹெவன் அண்ட் ஹெல்’ ஆல்பம் வந்தது. படுத்துக்கிடந்த குழுவை எழுப்பி நிறுத்திய குரல் அது. குள்ளமான மனுஷன், பாட்டு வாத்தியார் யாரிடமும் படித்ததில்லை. சின்ன வயதிலேயே அப்பா கையில் ட்ரம்பெட்டைக் கொடுத்து ஊதச் சொல்லியிருக்கிறார். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். கத்துகிற மாதிரி இருக்கும், ஆனால் சுருதி நகராது, ஒரு சொல்கூட மழுங்காது.

அந்த இரண்டு விரல் சமாச்சாரம் உனக்குத் தெரியுமா? ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் தூக்கிக் காட்டுவது. பேய் வழிபாடு என்று உங்கள் வார்டன் நம்மை அதட்டினாரே, அதுதான். ஓஸி மேடையில் இரண்டு விரலை விரித்து சமாதான அடையாளம் காட்டுவார். அவர் இடத்துக்கு வந்தவர் அதையே காட்டினால் நன்றாக இருக்குமா? அதனால் டியோ தன் பாட்டி காட்டியதை எடுத்துக்கொண்டார். பாட்டி இத்தாலிக்காரி. யாராவது கண்ணு வைத்தால் விரலை அப்படி நீட்டுவாளாம். திருஷ்டி கழிக்கிறதுடா அது! உன் அப்பத்தா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுமே, அதே வேலை. இதைத் தானே கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை.

1985-ல் ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்காக மெட்டல்காரர்கள் நாற்பது பேர் வரை கூடி ஒரு பாட்டுப் பாடிப் பணம் திரட்டினார்கள். முன்னால் நின்றவர்களில் இவர் ஒருவர். வார்டனுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வருஷக்கணக்கில் வயிற்றுத் தொந்தரவு இருந்திருக்கிறது. அஜீரணம் என்று நினைத்து, கடையில் கிடைக்கும் மாத்திரையை மென்றுகொண்டே ஊர் ஊராகப் பாடியிருக்கிறார். 2009 ஆகஸ்ட் கடைசியில் அட்லாண்டிக் சிட்டியில் பாடியதுதான் கடைசி மேடை. நவம்பரில் இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2010 மே 16-ல் போய்விட்டார், வயது 67. முன்கூட்டியே சோதனை செய்துகொள்ளுங்கள் என்று அவர் மனைவி வெண்டி அவர் பெயரில் நிதி வைத்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மூச்சு கிளம்பிய வயிற்றிலேயே வந்ததே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது உன் சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. பத்தில் மூன்றுதான் மிச்சம். சாப்பிட்டதும் ஒன்று, படுக்கும்போது ஒன்று. “கேஸ்டா” என்றாய். நானும் சிரித்துவிட்டு அடுத்த தோசையைப் போடச் சொன்னேன். அது என் மனதில் கிடந்து அரிக்கிறது, சேகர். எத்தனை வருஷமாக மெல்லுகிறாய்? இளைத்தும் இருந்தாய். வாக்கிங் போவதாகச் சொன்னாய், நம்பினேன். இப்போது நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. வழியில் புரோட்டாக் கடையில் இறங்காதே, வெறும் வயிற்றோடுதான் போகவேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டரிடம் உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். பத்து நிமிஷ வேலை, நான் வெளியில் பெஞ்சில் இருப்பேன். சாந்தியிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? வரும்போது அந்த டியோ கேசட்டையும் எடுத்து வா, என்னிடம் இன்னும் டெக் ஓடுகிறது.

உன்,
முருகேசன்