'லேசான' தடியடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில் ஒரு மறியல் செய்தி. 'போலீசார் லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்' என்று முடிந்திருந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எல்லாப் பத்திரிகைகளிலும் இந்த வரியைப் படித்துவருகிறேன். அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன்: அந்தத் தடியடி லேசானது என்று உங்கள் நிருபருக்கு யார் சொன்னார்கள்? அடித்தவர் சொல்லியிருப்பார். அடிபட்டவரைக் கேட்டிருக்க முடியாது. அவர் அந்நேரம் எங்களைப் போன்றவர்களின் வராந்தாவில் கையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

லத்திக் காயத்தை அடையாளம் காண்பது கடினமல்ல. தலைக்கு வரும் அடியைத் தடுக்க யாராக இருந்தாலும் முன்கையைத்தான் தூக்குவார்கள். அதனால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் குறுக்காக உடைந்திருக்கும். பக்கத்து எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கையை ஊன்றிக் கீழே விழுந்தவருக்குப் பெரும்பாலும் மணிக்கட்டில் உடையும். தோலிலும் தெரியும். அடி விழுந்த இடம் வெளுத்து, அதன் இருபுறமும் தண்டவாளம் போல இரண்டு சிவப்புக் கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகள் முதுகிலும் பின்தொடையிலும் இருந்தால், அவர் ஓடிக்கொண்டிருந்தவர்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, குடிநீர் கேட்டுக் காலிக் குடங்களுடன் சாலையில் உட்கார்ந்த பெண்களைக் கலைத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். முன்கை வீங்கிக் கறுத்திருந்தது. "குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் சிஸ்டர்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்த புறக்காவல் நிலைய மேசையைப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்த மருத்துவர், அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். விபத்துப் பதிவேட்டில் 'வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்' என்று எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அந்த அம்மா ஏன் பொய் சொன்னார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். காயம் பட்டவர் வந்தால் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். எந்தக் காவல் நிலையத்துக்கு? அடித்தவர்கள் இருக்கும் அதே நிலையத்துக்கு. மறியல் வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் நாலைந்து பெயர்களை எழுதிவிட்டு 'மற்றும் பலர்' என்று ஓர் இடம் விட்டு வைத்திருப்பார்கள். கையில் மாவுக்கட்டுடன் வருகிறவர் அந்த இடத்தை நிரப்பத் தாமாகவே போய் நிற்பதற்குச் சமம். ஸ்ரீநகரில் 2016-ல் போராட்டங்களைக் கலைக்கச் சுட்ட பெல்லட் எனும் சிறு குண்டுகள் கண்ணில் பாய்ந்து வந்தவர்களில் பலர் மருத்துவமனையில் சொந்தப் பெயரைச் சொல்லவே அஞ்சினார்கள் என்று செய்திகள் வந்தபோது, எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கல்லடி பட்ட காவலர்களுக்கும் நான் தையல் போட்டிருக்கிறேன். நெற்றி கிழிந்து ரத்தம் வழிய வந்த இளம் காவலர்கள் உண்டு; அவர்கள் வலியும் வலிதான். ஆனால் அவர்கள் பதிவேட்டில் 'போராட்டக்காரர்கள் கல்வீசியதில் காயம்' என்று உள்ளது உள்ளபடி எழுதப்படும்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீளமான கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். அந்தச் சொல்லுக்கு விலை உண்டு. 2018 மே 22, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-ஆவது நாள். அன்றும் மறுநாளும் போலீசார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அவர்களை நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். காயமடைந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வரியோடு முடிந்துபோகிறார்கள். அன்று அரசு முதலில் அறிவித்த நிவாரணத்தில் பலத்த காயத்துக்கு 3 லட்சம், லேசான காயத்துக்கு 1 லட்சம். தொகை பிறகு கூட்டப்பட்டது என்றாலும் 'லேசான' என்று ஒருவர் பேனாவால் எழுதியதற்கு முதல் நாள் விலை இரண்டு லட்சம் ரூபாய். அந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. தப்பி ஓடியவர்கள் மீது சுட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது. காயமடைந்தவர்களுக்கு 10 லட்சம் தரவும் பரிந்துரைத்தது.

சட்டம் இதில் எங்களைவிடத் தெளிவாக இருக்கிறது. எலும்பு முறிந்தால், பல் விழுந்தால், அது கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான். காவல் நடைமுறைகளைச் சொல்லி சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. இதை அரசு மருத்துவமனைகள் ஓரளவு கடைப்பிடிக்கவே செய்கின்றன. கட்டுப் போடாமல் யாரையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. குறை பதிவேட்டில்தான். போராட்டத்தில் காயம்பட்டவர் பற்றிய தகவல் அந்தக் காவல் நிலையத்தோடு நிற்காமல் நேராகக் குற்றவியல் நடுவருக்கும் போக வேண்டும். பதிவேட்டு நகலைக் கேட்டு அலைய விடாமல் அன்றே காயம்பட்டவர் கையில் கொடுக்க வேண்டும். வாக்குமூலம் வாங்கும்போது சீருடையில் யாரும் அறையில் நிற்கக் கூடாது. இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அது அரசு செய்ய வேண்டியது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை எங்காவது கூட்டம் கலைக்கப்பட்டால், காவல்துறை தரும் செய்திக்குறிப்போடு நிருபர் அலுவலகம் திரும்பிவிடாமல், அரை மணி நேரம் அரசு மருத்துவமனை எக்ஸ்ரே அறை வாசலில் நிற்கட்டும். அன்று மட்டுமல்ல, இரண்டு நாள் கழித்தும் ஒருமுறை போகட்டும். பயந்தவர்கள் அப்போதுதான் வருவார்கள். போக நேரமில்லை என்றால், 'லேசான' என்பதை மட்டுமாவது அடித்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
திருநெல்வேலி