சர்ப்ளஸ் பீஸ் வேண்டாம், கண்ணு

அன்புள்ள தாரணி,

போனில் சொன்னால் பாதி மறந்துவிடும். அதனால் எழுதுகிறேன். குழந்தைகள் துணி விற்க ஆன்லைனில் கடை போடப் போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். துணியைத் தொட்டுப் பார்த்தே அதன் கனத்தை ஜிஎஸ்எம் அளவில் சொல்கிற பிள்ளை நீ. பெங்களூரில் இருந்துகொண்டு திருப்பூர் சரக்கை விற்க உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனால் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளை எடுத்து, பிராண்ட் பெயரோடு போட்டுத் தொடங்கலாம் என்கிறாயே, அது மட்டும் வேண்டாம்.

சர்ப்ளஸ் எப்படி உருவாகிறது என்று உனக்குத் தெரியும். ரிஜெக்‌ஷனுக்கு ஈடுகட்ட ஆர்டரைவிடச் சில சதவீதம் கூடுதலாகக் கட்டிங் போடுவோம். கப்பல் ஏறியது போக மிஞ்சியது, ஆர்டர் கேன்சல் ஆகித் தேங்கியது, சின்னக் குறைக்காக ஆர்டர் கொடுத்த பையர் ஒதுக்கியது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மூட்டை. துணி அசல், தையலும் அசல். ஆனால் அந்த பிராண்டின் பெயரில் அதை வெளியே விற்கும் உரிமை தைத்த ஃபேக்டரிக்கே கிடையாது. மிஞ்சிய பீஸை லேபிள் எடுத்த பிறகுதான் வெளியே விட வேண்டும், அல்லது விடவே கூடாது என்று பையரோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ஃபேக்டரியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் வேலையில் இருந்தபோது நான் அதிகம் பயந்தது துணிக் கணக்குக்கு இல்லை, கழுத்தில் பிராண்ட் பெயரோடு வரும் மெயின் லேபிள் கணக்குக்குத்தான். எத்தனை வந்தது, எத்தனை பீஸில் ஏறியது, மிச்சத்தை எப்படி அழித்தீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி வரும்.

லேபிளை வெட்டிவிட்டால் போதுமா என்று கேட்பாய். கழுத்தில் இருப்பதை வெட்டினாலும் இடது பக்கத் தையலுக்குள் வாஷ்கேர் லேபிள் இருக்கும். அதைத் திருப்பிப் பார், ஸ்டைல் நம்பரும் சப்ளையர் கோடும் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். பிராண்டுக்காரர் அந்த ஒரு பீஸை வாங்கிப் பார்த்தாலே எந்த ஃபேக்டரி, எந்த ஆர்டர் என்று சொல்லிவிடுவார். நெஞ்சில் லோகோ பிரிண்ட் இருந்தால் வெட்டவும் வழியில்லை. பையர் எழுத்தில் சம்மதம் கொடுத்து, பெயர், லோகோ எதுவும் இல்லாத பீஸாக, உன் பெயரில் விற்றால் அது வேறு விஷயம். அந்தச் சம்மதக் கடிதத்தின் நகல் இல்லாமல் ஒரு மூட்டை கூட எடுக்காதே. மூட்டைக்காரர் தரும் பில், நீ பணம் கொடுத்தாய் என்பதற்குத்தான் சாட்சி. பிராண்டின் சம்மதத்துக்கு அது சாட்சி ஆகாது.

1999ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தில், பிராண்டுக்காரரோ அவர் சம்மதம் பெற்றவரோ சந்தைக்கு விட்ட பொருளை வாங்கி மறுபடி விற்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. சம்மதமில்லாமல் வெளியே வந்த பீஸுக்கு அது இல்லை. போலி முத்திரைப் பொருளை விற்றதாகக் குற்ற வழக்கு ஆனால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே சட்டம் சொல்கிறது. கடைத்தெருவில் எல்லாரும் விற்கிறார்களே என்று நினைக்காதே. அங்கே பெயர் மூட்டைக்குள் இருக்கிறது. நீ அதை டைட்டிலிலேயே எழுதப் போகிறாய், தேடுகிற யாருக்கும் ஒரு நிமிடத்தில் அகப்படும்.

அகப்பட்டதும் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள். பலர் பொருள் விற்க ஆன்லைனில் தளம் நடத்தும் மார்க்கெட்பிளேஸ் கம்பெனிகள் தங்களை வெறும் இடைத்தரகர் என்று சொல்லித்தான் சட்டப் பாதுகாப்புப் பெறுகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு அது. விற்பனையில் தானே கைவைக்கும் தளத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம் என்று 2018இல் கிறிஸ்டியன் லூபூட்டான் செருப்பு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதனால் புகார் வந்தவுடன் முதலில் லிஸ்டிங்கை, அதாவது உன் பொருளின் பக்கத்தை, தூக்குவார்கள், விளக்கம் கேட்பது அப்புறம்தான். நாலைந்து புகார் சேர்ந்தால் கணக்கையே முடக்கலாம். வரவேண்டிய பணத்தையும் நிறுத்தி வைப்பார்கள். புதிதாகத் தொடங்கியவருக்கு அந்தச் சமயத்தில் கையில் சரக்கு மட்டும் இருக்கும், ரொக்கம் இருக்காது. எனக்கு அதுதான் பயம்.

அடுத்து பிரிண்ட். குழந்தைத் துணி என்றால் கார்ட்டூன் இல்லாமல் ஓடாது என்று உன் தோழி சொன்னாளாம். மிக்கி, ஸ்பைடர்மேன், ஹைதராபாத்தில் பிறந்த சோட்டா பீம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி உண்டு. பாத்திரத்தின் படத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்), பெயருக்கு டிரேட்மார்க் என்று இரண்டு பக்கமும் கட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணை மாற்றினேன், கலரை மாற்றினேன் என்றால் தப்பிக்க முடியாது. லைசென்ஸ் வாங்கித்தான் போடவேண்டும், அதற்கு ராயல்டியும் குறைந்தபட்சத் தொகையும் கேட்பார்கள். இப்போதைக்கு நமக்குக் கட்டாது. ஐபிஎல் வந்தால் சிங்க லோகோ போட்டு மஞ்சள் டீ-ஷர்ட் அடிக்கலாம் என்கிற ஆசைக்கும் இதே பதில்தான். ரஜினி முகமும் வசனமும் போட்ட குட்டி டீ-ஷர்ட்டும் அப்படியே. தன் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் ஒரு இந்திப் படத்தில் பயன்படுத்தியதாக அவர் தொடுத்த வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம்தான் நின்றது.

நீயே வரை. உனக்கு அந்தக் கை இருக்கிறது. அணில், பனங்காய் வண்டி, ஊஞ்சல் என்று நம் பக்கத்துப் பொருளை வரைந்தால் அதற்கென்று வாங்குபவர்கள் வருவார்கள். ஆனால் ஒன்று. பிரிண்டை டிசைனாகப் பதிவு செய்ய நினைத்தால், அதற்கு விண்ணப்பிக்கும் முன் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதே. பொதுவில் வெளியானால் புதுமை போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் பதிவு நிற்காது. டிசைன் பதிவு 10 வருடம், மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். எல்லாப் பிரிண்டுக்கும் செய்ய முடியாது, உன் அடையாளமாக நிற்கப்போகும் ஒன்றிரண்டுக்குச் செய். மற்றவற்றுக்குத் தேதியோடு ஒரிஜினல் ஃபைலைப் பத்திரமாக வை.

போட்டோவும் அப்படித்தான். வேறு கடையின் போட்டோவை எடுத்துப் போட்டால் அது அவர்கள் சொத்து. நம் வீட்டு மாடியில் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும். காசு கொடுத்துப் போட்டோகிராஃபரை வைத்தால் உரிமை யாருக்கு என்பதை ஒரு வரியில் எழுதி வாங்கு.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்ன ‘பேபி காட்டன்’ பதிவாவது கஷ்டம். பொருள் இன்னது என்று மட்டும் சொல்லும் பெயரை ஒருவருக்கு மட்டும் கொடுக்கமாட்டார்கள். அம்மாயி உனக்கு வைத்த செல்லப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. அது துணியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பதிவுக்கு அந்த மாதிரிதான் நல்லது. முதலில் டிரேட்மார்க் இணையதளத்தில் 25ஆம் வகுப்பில் தேடிப்பார், துணிமணிக்கு அதுதான். காசு கிடையாது. எழுத்து மாறினாலும் ஒலி ஒன்றாக இருக்கிற பெயர்களையும் பார். தனி நபர், சிறு நிறுவனத்துக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். கர்நாடகமும் சென்னை டிரேட்மார்க் அலுவலக எல்லைதான், ஆனால் அது இருக்கும் கிண்டிக்கு நீ வரவேண்டியதில்லை. விண்ணப்பத்தை அவர்கள் ஏற்ற பிறகு டிரேட்மார்க் ஜர்னலில் வரும், எதிர்ப்பவர்களுக்கு 4 மாதம் கொடுப்பார்கள். பதிவானால் 10 வருடம். பதிவாகும்வரை பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போடாதே, டிஎம் போட்டால் போதும். ஓடுகிற லிஸ்டிங் என்றால் வேறு விற்பனையாளர்கள் வந்து அதிலேயே ஒட்டிக்கொண்டு மட்டமான சரக்கை அனுப்புவார்கள், கெட்ட பெயர் உனக்கு வரும். அவர்களை அகற்றச் சொல்லவும் டிரேட்மார்க் கையில் இருந்தால்தான் பலம்.

பாலிபேக்கில் ஒட்டும் லேபிளில் தயாரித்தவர் அல்லது பேக் செய்தவரின் பெயரும் முழு முகவரியும், பொருளின் பெயர், எத்தனை உருப்படி, தயாரித்த மாதம், வருடம், எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, புகார் சொல்லப் போன் நம்பரும் மெயிலும் வேண்டும். சைஸும் போடு. மாதம், வருடம் தவிர மற்றவை ஆன்லைன் பக்கத்திலும் தெரிய வேண்டும், எந்த நாட்டில் தயாரானது என்பதோடு. எம்ஆர்பிக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி விலை ஏற்றுவது குற்றம். பேக் செய்பவராகச் சட்டமுறை எடையளவுத் துறையில் பதிவு செய்யவும் வேண்டும், பேக் செய்யத் தொடங்கி 90 நாளுக்குள். சின்ன வேலைதான், தள்ளிப்போடாதே.

5 சதவீதம் லைக்ரா கலந்த துணிக்கு ‘100% காட்டன்’ என்று எழுதாதே. ஆர்கானிக் என்று எழுத ஆசைப்பட்டால், நூல் மில்லின் ஜிஓடிஎஸ் என்கிற ஆர்கானிக் துணிச் சான்று மட்டும் போதாது. நிட்டிங், டையிங், தையல் என்று ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்றிருக்க வேண்டும், சரக்குக்கு டிசி (டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட்) வேண்டும். பட்டுப்பாவாடை சேர்ப்பேன் என்றாய். சூரத் கலப்புத் துணியைக் ‘காஞ்சிப் பட்டு’ என்று போட்டுவிடாதே, அது புவிசார் குறியீடு பெற்ற பெயர். எத்தனை தறிக்காரர்கள் அந்தப் பெயரை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறந்தநாள் செட்டில் கிலுகிலுப்பை ஒன்று இலவசமாக வைப்பாயாமே. 2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இலவசம் என்று சொல்லி அதிலிருந்து தப்பிக்க நினைக்காதே. முத்திரை இருக்கிற பொம்மை வாங்கு, இல்லையென்றால் ஹேர்பேண்ட் வை. சின்னக் குழந்தையின் துணியில் கழுத்துப் பக்கம் கயிறு வைக்கவே வைக்காதே. ஐரோப்பிய பையர்கள் 7 வயது வரை தொப்பிக் கயிறுக்குத் தடை போட்டிருந்ததன் காரணம் குழந்தைகளின் உயிர். நம் குழந்தைகளுக்கும் அதே கழுத்துதான்.

ஜிஎஸ்டியை உன் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார், சுருக்கமாகச் சொல்கிறேன். மாநிலம் தாண்டி அனுப்பப் போகிறாய் என்பதால் விற்பனை குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம். தளம் உன் பணத்தில் 0.5 சதவீதம் டிசிஎஸ் என்கிற வரி பிடிக்கும், ஜிஎஸ்டி ரிட்டர்னில் எடுத்துக்கொள்ளலாம். வேறு மாநிலத்தில் உள்ள அவர்கள் குடோனில் சரக்கு வைத்தால் அந்த மாநிலத்திலும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதை நீ கேட்டுக்கொள், விட்டுப்போகிற இடம் அதுதான்.

விமர்சனம் எழுதச் சொல்லி சித்தி பிள்ளைகளை இழுக்காதே. விற்பவரே வாங்கியவர் போல எழுதுவதை 2020 இ-காமர்ஸ் விதிகள் தடுக்கின்றன, வேண்டியவர்களை எழுத வைப்பதும் ஏமாற்றுதான். குறைபாடுள்ள பீஸை, சொன்னதற்கு மாறான பீஸைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் போடு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வை.

இவ்வளவு பார்த்தும் யாராவது பொய்ப் புகார் கொடுத்து லிஸ்டிங்கைத் தூக்க வைக்கலாம், போட்டியாளர்கள் செய்வது உண்டு. அப்போது கோபத்தில் மாப்பிள்ளை பெயரில் புதுக் கணக்குத் திறக்காதே, கண்டுபிடித்து இரண்டையும் மூடுவார்கள். துணி பில், தைத்துக் கொடுத்தவரின் ஜாப்வொர்க் பில், ஒரிஜினல் ஃபைல், டிரேட்மார்க் விண்ணப்ப எண் எல்லாவற்றையும் வைத்து அமைதியாக மேல்முறையீடு போடு. புகார் கொடுத்தவருக்கும் எழுது, அவரே திரும்பப் பெற்றால் சீக்கிரம் முடியும். ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டுபவர் மேல் நீயே வழக்குத் தொடர டிரேட்மார்க் சட்டத்தின் 142ஆம் பிரிவு இடம் தருகிறது. சட்டம் உனக்காகவும் இருக்கிறது கண்ணு, பயந்துவிடாதே.

சர்ப்ளஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் இன்டர்லாக் பின்னல் துணி எடு, தைப்பதற்கு நம் பக்கத்து யூனிட்டில் பேசிவிட்டேன், சின்ன லாட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். லேபிள் ஆர்ட்வொர்க் தயாரானதும் அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு. முகவரியில் பின்கோடு வரை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா