பூங்காவில் பூட்டும் கூடம் வேண்டாம், திறந்த மண்டபம் வேண்டும்: நகராட்சி ஆணையருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
நகராட்சிப் பூங்காவைப் பயன்படுத்தும் பொதுமக்கள்
(பெயர், முகவரி, கையொப்பம் தனித்தாளில்)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பூங்காவில் கட்ட உத்தேசித்துள்ள மூடிய யோகா கூடத்துக்குப் பதிலாக நான்கு புறமும் திறந்த ஓட்டு மண்டபம் கட்டித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நமது பூங்காவின் மேற்குப் பக்கம் யோகா கூடம் வரப்போகிறது என்று போன வாரம் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான்கு சுவர், கண்ணாடிச் சன்னல், ஏசி, இரும்புக் கதவு என்று வரைபடத்தில் இருப்பதாகக் கோடு போட வந்தவர்கள் சொன்னார்கள். பூங்காவுக்குப் பணம் ஒதுக்கியதற்கு முதலில் எங்கள் நன்றி. வேண்டுகோள் ஒன்றுதான்: அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன், அதே இடத்தில், அதே அளவில், சுவரும் கதவும் இல்லாத மண்டபமாக அதை மாற்றித் தாருங்கள்.

கதவு வைத்தால் பூட்டு வரும். பூட்டு வந்தால் சாவி யாரிடம் என்ற கேள்வி வரும். இதே பூங்காவில் முன்பு கட்டிய சிறுவர் படிப்பகத்தின் சாவி காவலரிடம் இருந்தது. அவர் மாறிப் போனார். புதிதாக வந்தவர் தன்னிடம் யாரும் தரவில்லை என்றார். இன்று அதற்குள் உடைந்த குப்பைத் தொட்டிகளும் புல்வெட்டும் இயந்திரமும் இருக்கின்றன. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பூட்டிய அறையின் தலையெழுத்து அது.

வாசலருகே உள்ள பழைய கீற்றுக் கொட்டகையைப் பாருங்கள். பத்தடிக்குப் பதினைந்தடி கூட இருக்காது. விடியற்காலை நடைப்பயிற்சிக்காரர்கள் அங்கே மூச்சு வாங்குகிறார்கள். எட்டு மணிக்கு ஸ்பின்னிங் மில் இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். பதினோரு மணிக்கு மேல் வயதானவர்கள். சாயங்காலம் பிள்ளைகள். போன ஆடிக் காற்றில் பாதிக் கீற்று பறந்துவிட்டது. மீதிக் கீற்றின் நிழல் நகர நகர, அவர்களும் நகர்ந்து உட்காருகிறார்கள்.

இம்மனுவை எழுதும் நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதி வேண்டும். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்று ஓடினால்தான் வியர்வை உலரும். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு வெயிலில் நீர்ச்சத்து குறைந்து சட்டென்று தலை சுற்றும். நடைபாதையில் நாலு எட்டில் நிழலும் சாய ஒரு தூணும் இருந்தால் விழமாட்டார்கள். இன்னொன்று வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டு அறையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். திறந்தவெளியில் நிழலில் உட்கார்ந்தாலும் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். காலையில் அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவுத் தூக்கம் ஒழுங்குக்கு வரும். காசநோய்க்கு மாத்திரை வருவதற்கு முன்பு காற்றும் வெளிச்சமும் ஓய்வும்தான் வைத்தியம். 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் அந்தக் காலத்தது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

உடம்பை விட மனசுதான் பெரிய காரணம். கணவர் இறந்த பிறகு தினமும் கொட்டகைக்கு வரும் ஒரு அம்மாவிடம், எதிரிலேயே சமுதாயக் கூடம் இருக்கிறதே, அங்கே மின்விசிறி உண்டே என்றேன். "உள்ளே போனா ஆரு என்னன்னு கேப்பாங்க கண்ணு. இங்க ஆரு கேக்கப் போறாங்க?" என்றார். ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பெண்களுக்கு, கோயிலை விட்டால், சும்மா உட்கார்ந்திருக்க இடம் எங்கே? வீட்டுத் திண்ணைகளையும் இடித்து கார் நிறுத்த இடமாக்கிவிட்டோம். (எங்கள் வீட்டிலும்தான்.)

திறந்த மண்டபம் நமக்குப் புதிதல்ல. மதுரையில் 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம், மீனாட்சியம்மன் கோயிலின் வசந்த மண்டபம். தூண்கள், சுற்றிலும் நீர் நிறுத்தும் அகழி. கோடையில் வசந்த விழாவுக்குச் சுவாமி எழுந்தருளக் கட்டிய இடம் அது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் நம் அரசே அறிவித்திருக்கிறது. கத்தரி வெயிலில் மனிதர்களுக்கும் அப்படி ஓரிடம் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால், தாழ்ந்து அடிக்கும் காலை மாலை வெயில் குறுகிய பக்கங்களில்தான் விழும். கூரை தகரம் வேண்டாம். அதன் சூடு தலையில் இறங்கும். கல்நார் ஓடு வேண்டவே வேண்டாம், அதன் தூசி புற்றுநோய் தருவது. மர அல்லது இரும்புச் சட்டத்தில் மங்களூர் ஓடு போதும். உச்சியில் சூட்டுக் காற்று வெளியேற இடைவெளி விட்டால் நல்லது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி ஆடிக் காற்று நமக்குக் கிடைத்த வரம். மேற்கே சுவர் எழுப்பி அதை அடைக்காமல், வெயிலுக்கு இரண்டு புங்க மரம் வைக்கலாம். சாரல் உள்ளே அடிக்காதிருக்க இறவாரம் நான்கடி வெளியே நீள வேண்டும். தரையில் வழுவழுப்பான டைல்ஸ் பதித்தால் முதல் மழையிலேயே இடுப்பெலும்பு முறியும். சொரசொரப்பான கல் போதும். சுற்றிலும் திண்ணை, அதில் ஒரு பக்கமாவது முதுகு சாய வசதி. ஒரு படிக்குப் பதில் சாய்தளம், ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளமாக. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பொது இடங்களில் அணுகல் வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இரவில் குடிப்பவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்களே என்று எங்களிலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான பயம். ஆனால் பாட்டில்கள் இப்போது கிடப்பது படிப்பகத்தின் பின்சுவருக்குப் பின்னால், கொட்டகையில் அல்ல. நாலு பக்கமும் சாலையிலிருந்து தெரியும் இடத்தில், நல்ல விளக்கும் எரிந்தால், ஒளிய முடியாது. நாய்கள் படுக்கும் என்பது உண்மை. அதற்கு எங்களிடம் பதில் இல்லை, காலையில் பெருக்கிவிடுகிறோம்.

யோகாவுக்கும் இந்த மண்டபம் குறைவாகாது. பாய் விரித்தால் முப்பது பேர் தாராளமாகச் செய்யலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்கள் வாரம் ஒரு நாள் இங்கே அமர்ந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கலாம்; வீட்டில் பிடிபடாதவர்கள் இங்கே பிடிபடுவார்கள். சுவர், சன்னல், ஏசி, மாதாமாதம் மின்கட்டணம் எல்லாம் மிச்சம். நமக்கு நாமே திட்டத்தில் சேர்த்தால், மக்கள் பங்களிப்பைத் திரட்டித் தரவும், பெருக்கித் துடைக்கும் பொறுப்பை எழுத்து மூலம் ஏற்கவும் தயாராக இருக்கிறோம். முடிவாகும் வரை பழைய கொட்டகைக்குக் கீற்று மட்டுமாவது மாற்றித் தர வேண்டுகிறோம்.

ஆணையர் அவர்கள் ஒரு நாள் முற்பகல் 11 மணிக்கு நேரில் வந்து, சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தையும் கொட்டகையையும் பார்வையிட்டு, அங்கிருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை கேட்ட பிறகு ஒப்பந்தப்புள்ளி குறித்து முடிவெடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூங்காவைப் பயன்படுத்துவோர் சார்பில்
(ஒப்பம்)

இணைப்பு: 62 பேரின் கையொப்பங்கள், மண்டபத்தின் கைவரைபடம், கொட்டகையின் புகைப்படங்கள் 4.