பொது விளக்குகளுக்கு சென்சார்: வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒரே கட்டடத்தில் நாலைந்து அலுவலகங்களோடு சேர்ந்து இருப்பவர்கள் கடைக்கு வந்தால் கேட்பது ஒன்றுதான்: "ஸ்மார்ட் லைட் போட்டால் கரண்ட் பில் குறையுமா?" குறையும். ஆனால் அதை எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் அறை விளக்கைக் கடைசியாகக் கிளம்புகிறவர் அணைத்துவிடுவார். காரிடார், படிக்கட்டு, பாத்ரூம் விளக்குகளை யாரும் தொடுவதில்லை. பொது மீட்டரில் ஓடி, மெயின்டனன்ஸ் தொகையோடு உங்கள் தலையில் வந்து விழுகிற செலவு அது. ஒரு தளத்து காரிடாரில் 20 வாட் எல்இடி ட்யூப் 20 இருக்கிறது என்று வையுங்கள். ராத்திரி 10 மணி நேரம் ஆளில்லாமல் எரிந்தால் 4 யூனிட். மாதத்துக்கு 120 யூனிட். சோக் வைத்த பழைய 36 வாட் ட்யூப் என்றால் இதுபோல் இரண்டு மடங்குக்கும் மேலே போகும்; சோக்கும் தன் பங்குக்குப் பத்து வாட் போல இழுக்கும். பழைய ட்யூப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஆள் நடமாட்டம் பார்த்து விளக்கைத் தானே போட்டு அணைக்கிற சென்சாரைப் பிறகு வாங்கலாம். எங்களுக்கு வியாபாரம் குறைந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சென்சாரில் இரண்டு வகை அதிகம் போகிறது. பிஐஆர் என்பது உடம்புச் சூட்டின் அசைவைப் பிடிக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் அதற்குத் தெரியாது, கண்ணாடியாக இருந்தாலும்கூட. மைக்ரோவேவ் சென்சார் கண்ணாடியையும் மெல்லிய பலகைத் தடுப்பையும் தாண்டிப் பார்க்கும். அதைக் கண்ணாடி கேபினுக்குள் மாட்டினால், வெளியே காரிடாரில் யார் நடந்தாலும் உள்ளே விளக்கு எரியும்.

ஒரு கட்டடத்தில் பாத்ரூம் வாசலுக்கு மேலே பிஐஆர் மாட்டி, அசைவு தெரியாவிட்டால் விளக்கு அணைகிற நேரத்தை இரண்டு நிமிடமாக வைத்துவிட்டோம். தடுப்புக்குள் இருந்த ஒரு அம்மா இருட்டில் கதவுத் தாழ்ப்பாளைத் தடவித் தேடியிருக்கிறார். தப்பு எங்களுடையது. மறுநாளே போய் மைக்ரோவேவுக்கு மாற்றி, நேரத்தையும் பதினைந்து நிமிடமாக்கினோம். அன்றிலிருந்து, இடத்தை நேரில் பார்க்காமல் பாத்ரூமுக்கு சென்சார் கொடுப்பதில்லை.

படிக்கட்டு விளக்கை முழுதாக அணையவிடாதீர்கள். ஆள் இல்லாதபோது மங்கலாக எரிந்து, காலடி பட்டதும் முழு வெளிச்சம் வருகிற மாதிரி கேளுங்கள். அந்த வகை இருக்கிறது. ஜன்னலோர விளக்குகளுக்குப் பகல் வெளிச்சம் பார்த்துத் தானே குறைகிற சென்சார் நல்லது.

இன்னொன்று. பழைய கட்டடங்களில் சுவிட்ச் பாக்ஸுக்குள் பேஸ், அதாவது கரண்ட் வருகிற ஒயர் மட்டும்தான் வந்திருக்கும்; நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர் இருக்காது. ஸ்மார்ட் சுவிட்ச் பலவற்றுக்கும் நியூட்ரல் கட்டாயம். வாங்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர். அதனால் கடைக்கு வரும் முன் உங்கள் எலக்ட்ரீஷியனை விட்டு பாக்ஸைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து வாருங்கள். எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதையும் ஒரு சீட்டில் குறித்து வந்தால், கணக்கைக் கடையிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் எலக்ட்ரிக்கல் கடையிலிருந்து