பை மாட்டினா தூசி போயிடுமா?

எடிட்டர் சார், வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, வீட்டுலயே மர வேலை கத்துக்கிட்டு ஷெல்ஃப், ஸ்டூல்னு பண்றவங்கள பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. படிக்க சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா நானும் அதே பைத்தியந்தான். நங்கநல்லூர்ல எங்க வீட்டு கார் ஷெட்ல (கார வித்தாச்சு, ஷெட் என்னுதாயிடுச்சு) ஒரு மைட்டர் சா (கட்டைய நேராவும் கோணமாவும் குறுக்க அறுக்கற கரண்ட் ரம்பம்) வெச்சுக்கிட்டு கொலுப்படி செஞ்சு தர்றேன், அஞ்சு படி ஏழு படி ஒம்பது படின்னு, கொலு முடிஞ்சதும் கழட்டி பரண்ல போட்டுக்கற மாதிரி. ஆனா அந்த போட்டோவ பாத்துட்டு மனசு கேக்கல. மெஷினுக்கு பின்னாடி ஒரு குட்டி துணிப்பை தொங்குது, அந்த தம்பி மாஸ்க் இல்லாம மூஞ்ச பிளேடுகிட்ட கொண்டு போய் வெச்சுக்கிட்டு நிக்கறாரு, கீழ என்னடான்னா தூசிய மெஷினே பிடிச்சுக்கும்னு ஒரு வரி. பிடிக்காது சார். அத சொல்லத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், எங்க வேணா வெட்டிக்கோங்க.

நானும் அந்த பைய நம்பினவதான். மெஷின் வாங்கின கடையில (பேர் வேணாம்) "பை கூடவே வருதும்மா, தூசி பிரச்சனையே இல்ல"ன்னாங்க. முத சீசன், மே மாசம், ரப்பர்வுட் கட்டையெல்லாம் படியோட கால் அளவுக்கு நாள் பூரா அறுத்து தள்ளினேன், சாயங்காலம் பைய கழட்டி உதறினா ஒரு டம்ளர் தூள் இருந்துச்சு, தரைய பெருக்கினா ஒரு முறம். சுவத்துல, ஸ்விட்ச் போர்டு மேல, ஸ்கூட்டி சீட்டுல, காயப்போட்ட துணியில இருந்ததெல்லாம் கணக்குலயே வராது. எதிர் வீட்டு மாமி மாடியில வடாம் பிழிஞ்சு காய வெச்சிருந்தாங்க, மத்தியானம் கடல் காத்து எடுத்ததும் மிச்சம் மீதியெல்லாம் அங்க போயிருக்கு, மறுநாள் காலையில கேட்டுகிட்ட நின்னு "என்னடிம்மா, வடாம் மேல புட்டு மாவு தூவினாப்ல இருக்கே"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, எனக்குத்தான் எங்க பாக்கறதுன்னு தெரியல.

வடாம் போகட்டும், மூக்கு? ஆடி மாசம் வரைக்கும் காலையில எந்திரிச்சா இருபது தும்மல், மூக்கு ஒரு பக்கம் அடைப்பு. நான் ஏதோ ஏசியினாலன்னு நெனச்சுக்கிட்டு ஏசிய நிறுத்திட்டு வேர்த்து விறுவிறுத்து படுத்தேன். ஈஎன்டி டாக்டர்கிட்ட போனா அவர் கேட்ட முத கேள்வியே "என்னம்மா வேலை பண்றீங்க"தான். மரவேலைன்னதும் பேனாவ கீழ வெச்சுட்டு என்ன பாத்தாரு. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 1995லயே சொல்லி, சிகரெட் இருக்கற அதே முதல் பட்டியல்ல போட்டிருக்காங்களாம், மூக்குக்குள்ளயும் மூக்க சுத்தியிருக்கற சைனஸ்லயும் வர்ற புற்றுநோய். எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல, வெறும் அலர்ஜிதான், ஆனா வருஷக்கணக்கா தினமும் அதுலயே நிக்கற ஆசாரிங்கள நெனச்சா பயமா இருக்கு. எங்கப்பா சைடன்ஹாம்ஸ் ரோட்டுல ஒரு மரக்கடையில கணக்கு எழுதினவர், வீட்டுக்கு வந்தா சட்டையில தேக்கு வாசனை வரும், அந்த வாசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும், இப்போதான் தெரியுது அது வாசனை மட்டும் இல்லன்னு. எம்டிஎஃப் (மர நார பசை போட்டு அழுத்தி பண்றது) பலகை அறுக்கறவங்களுக்கு இன்னொண்ணு, அதோட பசையில ஃபார்மால்டிஹைடுன்னு ஒரு ரசாயனம் இருக்கு, அதையும் 2004ல அதே பட்டியல்ல சேத்துட்டாங்க.

அந்த காலத்துல மரத்தூள் இல்லையான்னு கேப்பாங்க. இருந்துச்சு, மூட்டை மூட்டையா வாங்கி மரத்தூள் அடுப்புல போட்டு எரிச்சோம். ஆனா கை ரம்பத்துல வர்ற தூள் ரவை மாதிரி, காலடியிலயே விழுந்துடும். இப்போ மைட்டர் சா பிளேடுல அறுபது பல்லு எம்பது பல்லு, மரத்த மைதாவா அரைக்குது. அதுலயும் கண்ணுக்கு தெரியற தூள் தரையில விழுந்துடும், இல்ல மூக்குலயே நின்னுடும், மூக்குக்கு அதுவும் கெடுதல்தான். 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ போன தூள்தான் மூச்சோட நுரையீரல் வரைக்கும் எறங்குது. நம்ம தலைமுடியே 70 மைக்ரான் வாக்குல இருக்கும்னா பாத்துக்கோங்க. நீங்க மெஷின நிறுத்திட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் அது ரூம்ல மிதந்துக்கிட்டுதான் இருக்கும்.

சரி, பை ஏன் பிடிக்கல? நான் இத புரிஞ்சுக்க ஒரு சீசன் ஆச்சு. 10 இன்ச் பிளேடு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 5000 சுத்து சுத்துது, கணக்கு போட்டா பல்லோட நுனி மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம், சென்ட்ரல்ல இருந்து மைசூரு போற வந்தே பாரத் கூட அந்த வேகம் போகாது. பிளேடு முன்னாடி பக்கம் கீழ எறங்கி, அடியில நம்மள விட்டு பின்னாடி போற மாதிரி சுத்துது, அதனால தூள் பூரா பின்னாடிதான் பீச்சியடிக்குது. கம்பெனிக்காரன் அங்க ஒன்றரை இன்ச் வாய் ஒண்ணு வெச்சு பைய மாட்டிடறான். ஆனா தூள் ஒரே கோடா வராது, விசிறி மாதிரி விரிஞ்சு வரும், ஹெட்டு (பிளேடும் மோட்டாரும் இருக்கற மேல் பகுதி) மேலயும் கீழயும் போகும்போது வாயும் எடம் மாறும். அதோட பைக்குள்ள இழுக்கற சக்தின்னு எதுவும் கிடையாது, பிளேடு வீசற காத்துல ஏதோ கொஞ்சம் தானா உள்ள போய் விழுந்தா உண்டு.

என் தம்பி அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பாக்கறான், அவன் ஒரு விஷயம் சொன்னான், 1948 தொழிற்சாலை சட்டத்துல 14வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, தூசிய உறிஞ்சற கருவிய தூசி பொறக்கற எடத்துக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வைக்கணும்னு அதுல எழுதியிருந்துச்சாம். கார் ஷெட்ல கொலுப்படி பண்றவளுக்கு அந்த சட்டம் வராதுதான், ஆனா விஷயம் அதுலயே முடிஞ்சு போச்சு. ரூம் பூரா பரவினப்புறம் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு விரட்டறதெல்லாம் பால் பொங்கி வழிஞ்சப்புறம் அடுப்ப தொடைக்கற வேலை.

அதனால பைய தூக்கிட்டு வேக்கூம் மாட்டினேன். வீடு கூட்டற சின்ன வேக்கூம் வேணாம், அது பத்து நிமிஷத்துல அடைச்சுக்கிச்சு, டிரம் மாதிரி வர்ற வொர்க்‌ஷாப் வேக்கூம்தான். ஓஸ் எவ்வளவு குட்டையா அகலமா இருக்கோ அவ்வளவு நல்லது. மெஷின் வாயும் ஓஸும் அளவு சேராது, எந்த கம்பெனியும் சேர விடமாட்டான், பழைய சைக்கிள் டியூப்ப நறுக்கி மேல மாட்டி கிளாம்ப் போட்டு இறுக்கினேன், காத்து ஒழுகறது நின்னுச்சு. மெஷினையும் வேக்கூமையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டுடாதீங்க, ரெண்டும் சேந்து 3000 வாட்ஸ தாண்டிடும், எனக்கு பாக்ஸ் தொட முடியாத அளவுக்கு சூடாயிடுச்சு. இப்போ தனித்தனி 15 ஆம்ப்ஸ் பிளக்கு.

வேக்கூமுக்கும் மெஷினுக்கும் நடுவுல ஒரு 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட், மூடி மேல சைக்ளோன்னு ஒரு கூம்பு. தயிர் கடையறாப்ல காத்து உள்ள சுத்தும், கனமான தூள் ஓரமா ஒதுங்கி பக்கெட்ல விழுந்துடும், நைஸ் தூள் மட்டும் வேக்கூமுக்கு போகும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. முத பக்கெட் மெல்லிசு, ஓஸ்ல ஒரு மரத்துண்டு மாட்டிக்கிட்டதும் டொக்குன்னு உள்ள ஒடுங்கிடுச்சு, வீட்டுக்காரர் ஏதோ வெடிச்சிடுச்சுன்னு ஓடி வந்தாரு. கனமான பக்கெட்டா பாத்து வாங்குங்க.

ஃபில்டர் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கூட வர்ற ஸ்பாஞ்சும் துணியும் பெரிய தூள பிடிச்சுக்கிட்டு நைஸ் தூள பின்னாடி வழியா ரூம்லயே ஊதும், அதாவது மாவு சலிச்சு கொடுக்கற மெஷினுக்கு நாம கரண்ட் பில் கட்டறோம். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் தூசியிலயே நூத்துக்கு 99.97 பிடிக்கும்.

இவ்வளவும் பண்ணி பாதிதான் கொறைஞ்சுது. மீதி பாதிய கொறைச்சது வேக்கூம் இல்ல, ஒரு துண்டு ரப்பர். பிளேடுக்கு பின்னாடி மெஷின்லயே ஒரு சின்ன ரப்பர் வால் இருக்கும், அது ரொம்ப குட்டை. புதுப்பேட்டையில போய் மெல்லிசா வளையற ரப்பர் ஷீட் வாங்கிட்டு வந்து அத ரெண்டு பக்கமும் காது வெச்ச மாதிரி நீட்டினேன், தூள் விரிஞ்சு போகறதுக்குள்ள வாய்க்குள்ள தள்ளிவிடும். இத பண்றவங்க பிளக்க பிடுங்கிட்டு பண்ணுங்க, மாட்டினப்புறமும் பிளக் போடாமலே ஹெட்ட மெதுவா எறக்கி, நேரா ஒரு தடவ, வலது 45 இடது 45 ரெண்டு தடவ, சாய்ச்சு ஒரு தடவ, எங்கயும் பிளேடுல ரப்பர் உரசலன்னு பாத்துட்டுதான் ஓட்டணும். நான் முத தடவ அவசரப்பட்டு ரப்பர் பிஞ்சு பறந்து என் காது பக்கமா போச்சு.

அதையும் தாண்டி வர்றதுக்கு மெஷினுக்கு பின்னாடி ஒரு கூண்டு. பிளைவுட் சட்டம், மூணு பக்கமும் பழைய ஃப்ளெக்ஸ் பேனர், எங்க தெரு கோயில் கும்பாபிஷேகத்துக்கு வெச்சது, அம்மன் படம் இருந்த பக்கத்த வெளிய திருப்பிட்டேன், மேல தூசி படக்கூடாதில்ல. ஃப்ளெக்ஸ் வளையறதால ஹெட்டு பின்னாடி தள்ளும்போது இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. அடியில சரிவா ஒரு பலகை, தூள் சறுக்கி ட்ரேல விழும். இந்த கூண்டுக்கு நாலு இன்ச் குழாய் போட்டு ப்ளோயர் மாதிரி வர்ற பெரிய டஸ்ட் கலெக்டர் மாட்டினா இன்னும் அருமையா இருக்கும். வேக்கூம் ஸ்ட்ரா போட்டு இளநி உறிஞ்சற மாதிரி, சின்ன எடத்துல நல்லா இழுக்கும். கூண்டு மாதிரி பெரிய வாய்க்கு காத்தோட அளவு வேணும், நாலு இன்ச் குழாயோட வாய் ஒன்னேகால் இன்ச் ஓஸ விட பத்து மடங்கு பெருசு. மேடவாக்கத்துல எனக்கு வேலை கத்துக்கொடுத்த ஆசாரி அண்ணன்கிட்ட அது இருக்கு, பாத்து ஏங்கிட்டு வந்தேன், அத வாங்கற அளவுக்கு நான் இன்னும் கொலுப்படி விக்கல.

மாஸ்க்க மட்டும் விடறதில்ல. கொரோனாவுக்கப்புறம் என்95 மெடிக்கல் ஷாப்லயே கிடைக்குது. செப்டம்பர் புழுக்கத்துல அத போட்டுக்கிட்டு நிக்கறது நரகம்தான், ஆனா அறுத்து முடிச்சதும் கழட்டாதீங்க, பத்து நிமிஷம் கழிச்சு ஷெட்ட விட்டு வெளிய வந்து கழட்டுங்க. அப்புறம் தயவுசெஞ்சு காஞ்ச தொடப்பத்தால பெருக்காதீங்க, கீழ விழுந்தத மறுபடி மேல ஏத்தி விடறதுக்கு அதவிட நல்ல வழி இல்ல. பழைய வீடு இடிச்ச பர்மா தேக்கு வாங்கி அறுக்கறவங்க ஆணி இருக்கான்னு முதல்ல பாத்துடுங்க, பிளேடு ஆணியில பட்டு பொறி வேக்கூம் உள்ள போனா அங்க இருக்கறது பூரா காஞ்ச தூள்.

அடுத்த தடவ இந்த மாதிரி கட்டுரை போட்டா அந்த தம்பிக்கு ஒரு மாஸ்க் மாட்டிவிட்டு போட்டோ எடுங்க சார். மெஷின் விக்கற கடைக்காரங்களும் பைய காட்டி சமாதானம் சொல்றத விட்டுட்டு, ஓஸ், ஃபில்டர், சேர்ற அளவுல அடாப்டர் மூணையும் பக்கத்துலயே வெச்சு வித்தா அவங்களுக்கும் வியாபாரந்தானே.

எனக்கு இன்னும் ஒண்ணு தீரல. ஹெட்ட 45 டிகிரி சாய்ச்சு அறுக்கும்போது தூள் ரப்பர் காதுக்கும் கூண்டுக்கும் நடுவுல ஒரு சந்து வழியா இடது பக்கமா வெளிய அடிக்குது, நாலஞ்சு மாதிரி பண்ணி பாத்துட்டேன். வாசகர்கள் யாராவது இதுக்கு வழி கண்டுபிடிச்சிருந்தா உங்க பேப்பருக்கே எழுதட்டும், ஆடி பொறக்கறதுக்குள்ள வந்தா நல்லது, இந்த வருஷம் ஒம்பது படி ஆர்டர் மூணு இருக்கு.

இப்படிக்கு,
கொலுப்படி செய்யற ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை